கிளி எடுத்த சீட்டு

ஜோசியத்தில் எனக்கு நம்பிக்கை உண்டா என்று யாராவது கேட்டால் சட்டென்று பதில் சொல்ல வராது. ஆனால் ஜோசியக்காரர்களிடம் எனக்கு ஒரு பிரியம் உண்டு. தொழில் உறவு என்றுகூடச் சொல்லலாம். முன்பின் தெரியாத ஒருவன் எதிரே வந்து உட்காருகிறான். அவன் செருப்பையும், சட்டைக் காலரையும், விரலில் மோதிரம் கிடந்த தடத்தையும் பார்த்துக் கதையைத் தொடங்க வேண்டும். எங்களுக்காவது அடித்துத் திருத்தி எழுத அவகாசம் இருக்கிறது. அவருக்கு அது கிடையாது. கேட்கிறவன் முகம் சுளிப்பதற்குள் கதையை வேறு பக்கம் திருப்பிவிட வேண்டும். எத்தனை நாவலாசிரியர்களால் அது முடியும்?

கைரேகை, ஜாதகம், சோழி, நாடி எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். நான் சொல்ல வந்தது சீட்டைப் பற்றி. படம் போட்ட சீட்டில் ஒன்றை உருவி, அதில் நம் தலையெழுத்தைத் தேடுகிற சமாசாரம். நம் ஊர் ரகத்தையும் சீமை ரகத்தையும் ஒரே சாலையில் பார்க்க வேண்டுமானால் திருவண்ணாமலைக்குப் போக வேண்டும். எனக்கு அந்த ஊரில் ஓர் அக்கா இருக்கிறாள். ஆகவே அடிக்கடி போய்க்கொண்டிருக்கிறேன்.

கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பௌர்ணமியன்று ஜனவெள்ளத்தில் ஒன்றும் பார்க்க முடியாது. மற்ற நாட்களில் சாயங்காலமாக நடந்தால், எட்டு லிங்கங்களோடு எத்தனையோ பிழைப்புகளையும் தரிசிக்கலாம். எமலிங்கத்தைத் தாண்டி ஒரு புளியமரத்தடியில் கிளி ஜோசியர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். சாக்குத் துணி, மரக்கூண்டு, ஒரு டப்பாவில் நெல், எதிரே வரிசையாகச் சரித்து வைத்த சீட்டுகள். எத்தனை என்று கேட்டேன். “எண்ணிப் பாருங்க சாமி” என்று கட்டை என் கையிலேயே கொடுத்துவிட்டார். 27 இருந்தன. நட்சத்திரத்துக்கு ஒன்று என்று கணக்காம். தடித்த அட்டையை இரண்டாக மடித்து, உள்ளே பழைய காலண்டரிலிருந்து வெட்டிய படத்தை ஒட்டியிருந்தார். ராமர் பட்டாபிஷேகம், மகாலட்சுமி, மயில்மேல் முருகன், காளி, காக்கை வாகனத்தில் சனீஸ்வரன், படமெடுத்த நாகம். நடுவே வேளாங்கண்ணி மாதாவும் புத்தரும் இருந்தார்கள். வருகிறவர்கள் எல்லோரும் ஒரே சாமியைக் கும்பிடுகிறவர்களாகவா இருக்கிறார்கள்? தொழில் தெரிந்த மனுஷன்.

கூண்டைத் திறந்து, பெயரைச் சொல்லி, “நல்ல சீட்டா எடுத்துக் குடு ராஜா” என்பார். கிளி கோணல் நடை நடந்து வந்து, மூக்கால் ஒரு சீட்டை இழுத்துத் தள்ளும், இன்னொன்றைத் தள்ளும், ஐந்தாறு தள்ளிய பிறகு ஒன்றைக் கவ்வி அவர் கையில் கொடுத்துவிட்டு, ஒரு நெல்லை வாங்கிக்கொண்டு தானே கூண்டுக்குள் போய்விடும். பக்கத்தில் உட்கார்ந்து நாலைந்து தரம் பார்த்ததில் ஒன்று புலப்பட்டது. அவருடைய இடது கை நெல் டப்பாவின் பக்கம் நகருகிற வரைக்கும் கிளி தள்ளிக்கொண்டேதான் இருக்கிறது. கை நகர்ந்ததும் எது மூக்கில் இருக்கிறதோ அது வந்துவிடுகிறது. இதை மோசடி என்று நான் சொல்லமாட்டேன். எந்தச் சீட்டு வரும் என்று அவருக்கும் தெரியாது. போதும் என்று சொல்லுகிற அதிகாரம் மட்டும்தான் அவருடையது.

சீட்டை எடுக்கிற கைக்கு விஷயம் தெரிந்திருக்கக் கூடாது என்பது இந்த வித்தையின் ஆதார விதி என்று எனக்குத் தோன்றுகிறது. கோயில் சந்நிதியில் திருவுளச்சீட்டுப் போட்டால், எடுக்கச் சொல்வது ஒரு குழந்தையைத்தான். உத்திரமேரூரில் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919-லும் 921-லும் வெட்டியவை, இருக்கின்றன அல்லவா? அங்கே குடவோலையில் ஊர்ச்சபைக்கு ஆள் எடுத்தபோதும், பேதம் தெரியாத ஒரு சிறுவனைக் கொண்டுதான் ஓலையை எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். சைவர்கள் தேவார ஏட்டில் கயிறு சாத்திப் பார்ப்பதும், பஞ்சாங்கத்தின் கடைசிப் பக்கங்களில் ராமர் சக்கரம், சீதா சக்கரம் என்று கட்டம் போட்டிருப்பதில் கண்ணை மூடிக்கொண்டு விரல் வைப்பதும் இந்த ஜாதிதான். பாரசீகத்து ஷிராஸ் நகரத்தில் கவி ஹாபிஸின் வரிகள் எழுதிய சீட்டைச் சின்னப் பறவை ஒன்று எடுத்துக் கொடுக்கிறது. ஜப்பானில்கூடக் கோயில் வாசல்களில் ஒருவகைச் சிட்டு இந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது. பறவை பிடிப்பதற்குச் சட்டத் தடை வந்தபின் அங்கே அது மறைந்துவிட்டது.

திருவண்ணாமலையில் கிளிக்கு வேறொரு மரியாதையும் உண்டு. பெரிய கோயிலுக்குள் கிளிக் கோபுரம் என்றே ஒரு கோபுரம் இருக்கிறது. அருணகிரிநாதர் தம் உடம்பை விட்டுக் கிளியின் உடம்பில் புகுந்து தேவலோகத்துக்குப் பாரிஜாதம் எடுத்து வரப் போனார், திரும்பி வருவதற்குள் வேண்டாதவர்கள் உடம்பை எரித்துவிட்டார்கள், அப்புறம் கிளியாகவே இருந்து பாடினார் என்று கதை. எங்கள் ஜோசியரும் வாடிக்கைக்காரர்களிடம் இதைச் சொல்லுவார். அவர் சொல்லும்போது, கூண்டில் இருக்கிற கிளி அந்த வம்சத்து நேர் வாரிசு என்கிற தோரணை இருக்கும்.

இனி அக்கா விஷயம்.

2023 மாசி மாதம் அக்காவின் மார்பில் ஒரு கட்டி. வேலூரில் காட்டி, ஊசி போட்டு எடுத்துப் பரிசோதித்து, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் தேதியும் கொடுத்தார். “இரண்டு வாரம் போகட்டும்” என்றாள் அக்கா. இரண்டு வாரம் நாலு வாரம் ஆயிற்று. அத்திம்பேர் காலமாகிப் பத்து வருஷத்துக்கு மேலாகிறது. வீட்டில் அவளும் அவள் பிள்ளையும்தான். பிள்ளைக்கு வயது முப்பது. உடம்பு வாட்டசாட்டமாக வளர்ந்தது. புத்தி ஏழு வயதிலேயே நின்றுவிட்டது. சாதத்தைப் பிசைந்து தட்டில் போட்டால் சாப்பிடுவான். தெருவில் போகிற ஒவ்வொரு நாய்க்கும் பெயர் வைத்திருக்கிறான். அம்மா கண்ணில் படாவிட்டால் வாசற்படியை விட்டு எழுந்திருக்கமாட்டான்.

நான் சென்னையிலிருந்து போய் உட்கார்ந்துகொண்டு, “ஏன் அக்கா தள்ளிப் போடுகிறாய்?” என்று நாலு விதமாகக் கேட்டேன். நாளும் கோளும் சரியில்லை என்றாள். மாமியார் திவசம் வருகிறது என்றாள். வெயில் தணியட்டும் என்றாள். மாசி மாதத்தில் வெயில் தணிய வேண்டுமாம்!

சாயங்காலம் மூன்று பேருமாக நடந்தோம். எமலிங்கத்தில் கும்பிட்டுவிட்டுப் புளியமரத்தடிக்கு வந்ததும் அக்கா நின்றாள். ஐம்பது ரூபாயை வைத்துவிட்டு, மனசுக்குள்ளேயே என்னவோ கேட்டுக்கொண்டாள். கிளி எடுத்தது சனீஸ்வரன். எனக்குப் பகீர் என்றது. ஜோசியர் அசையவில்லை. “சனி கொடுத்தா யாரும் தடுக்க முடியாது தாயி. மெதுவாத்தான் கொடுப்பாரு. கொஞ்சம் உடம்பைக் கவனிச்சுக்கணும்” என்று பொதுவாக வைத்தார். அக்காவுக்குத் திருப்தி இல்லை. கேட்டது வேறு, வந்தது வேறு என்பது அவள் முகத்தில் தெரிந்தது. அவள் பிள்ளைக்கு மட்டும் பரம சந்தோஷம். கிளிக்கு நெல் கொடுக்கும் உத்தியோகம் அவனுக்குக் கிடைத்திருந்தது.

சீமைச் சீட்டு எங்கள் வழியில் குறுக்கிட்டது மறுநாள். ரமணாசிரமத்தைச் சுற்றி வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குவது இன்று நேற்றல்ல. பால் பிரண்டன் 1934-ல் புத்தகம் எழுதிய நாளிலிருந்து வந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களில் ஒரு ஹாலந்து தேசத்துப் பெண்மணி, ஓய்வு பெற்ற பள்ளிக்கூட ஆசிரியை, அக்காவின் தெருக்கோடியில் மாடி அறை எடுத்துக்கொண்டு வருஷா வருஷம் மார்கழியில் வந்து பங்குனியில் திரும்புவார். சீட்டுப் பார்ப்பார். காசு வாங்குவதில்லை. டீயும் முறுக்கும் கொடுத்தால் போதும்.

அவரிடம் நாலு விதமான கட்டுகள் இருந்தன. கேட்டதும் ஒரு வகுப்பே நடத்திவிட்டார். முதலாவது டாரட். மொத்தம் 78 சீட்டு. அதில் 22 பெரிய படங்கள். மீதி 56 நம் ரம்மிக் கட்டுக்கு அண்ணன் மாதிரி. நமக்கு இஸ்பேட், ஆட்டின், டைமன், கிளாவர் என்றால் அதில் வாள், கோப்பை, காசு, தடி. ராஜா, ராணி, ஜாக்கியோடு கூட ஒரு குதிரை வீரனும் உண்டு; அதனால் ஒரு ஜாதிக்குப் பதினான்கு. இரண்டாவது, பிரெஞ்சு தேசத்தில் பெயர் பெற்ற குறிகாரி லெனார்மாண்ட் அம்மாளின் பெயரில் வழங்குகிற கட்டு. அதற்கு 36 சீட்டுதான். கப்பல், சாவி, நாய், சவப்பெட்டி என்று சாமானியமான படங்கள். ஒன்றைத் தனியாகப் படிப்பதில்லை. பக்கத்துச் சீட்டோடு சேர்த்து, எழுத்துக் கூட்டுவதுபோல் படிக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், அந்த அம்மாள் இறந்தது 1843-ல். கட்டுக்கு அவர் பெயர் சூட்டியது அதற்குப் பிறகு. அதன் மூலம், 1799 வாக்கில் ஜெர்மனியில் நியூரம்பெர்க் நகரத்தில் அச்சான ஒரு தாய விளையாட்டு! மூன்றாவது ரகத்துக்கு இலக்கணமே கிடையாது. நாற்பது சீட்டும் இருக்கலாம், அறுபதும் இருக்கலாம். தேவதை, பூ, மிருகம் என்று அச்சுப் போடுகிறவர் இஷ்டம். எல்லாச் சீட்டும் நல்லதையே சொல்லும். இனிப்பு மாத்திரமே விற்கிற கடைபோல எனக்கு அதில் சுவாரசியம் ஏற்படவில்லை. நாலாவது, கடையில் கிடைக்கிற சாதாரண 52 சீட்டுக் கட்டு. ஊரில் அவர் பாட்டி அதை வைத்தேதான் குறி பார்த்தாளாம்.

டாரட்டுக்கு எகிப்து தேசத்து ரிஷிகளின் ரகசியம் என்று ஒரு பெயர் உண்டு. 1781-ல் கூர் டி ஜெபலின் என்கிற பிரெஞ்சுக்காரர் கிளப்பிவிட்டது அது. எகிப்தியச் சித்திர எழுத்தை ஷம்போலியன் படித்துக் காட்டியதே 1822-ல்தான் என்பதை இங்கே நினைவு வைத்துக்கொள்ள வேண்டும். உண்மையில் அது பதினைந்தாம் நூற்றாண்டில் வட இத்தாலியப் பிரபுக்கள் பொழுதுபோக்குக்கு ஆடிய ஆட்டம். நம் தேசத்திலும் தசாவதாரம் எழுதிய 120 வட்டச் சீட்டுகளை வைத்துக் கஞ்சிபா ஆடினார்கள். மச்சமும் கூர்மமும் நரசிம்மரும் கையில் இருந்தும் ஜெயிக்கிறதிலேயே கண்ணாக இருந்திருக்கிறார்கள்.

இன்று உலகமெங்கும் புழங்குகிற டாரட் படங்களை வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித் என்கிற பெண். வெயிட் என்பவர் யோசனை சொல்ல, இந்த அம்மாள் வரைந்து, 1909-ல் லண்டனில் ரைடர் கம்பெனி வெளியிட்டது. வெகுநாள்வரை கட்டுக்குக் கம்பெனியின் பெயரும் யோசனை சொன்னவர் பெயருமே வழங்கின. வரைந்தவளுக்குக் கிடைத்த கூலி சொற்பம். 1951-ல் அவள் கையில் காசில்லாமல், கடனோடு கண்ணை மூடினாள். இதை ஹாலந்துப் பெண்மணி சொன்னபோது, நம் ஜோசியரின் அட்டைக்குள் இருக்கிற மகாலட்சுமியை எழுதிய காலண்டர் ஓவியர் யாரோ என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா இவ்வளவு நேரமும் படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். இடி விழுந்து மேலிருந்து மனிதர்கள் தலைகீழாக விழுகிற ஒரு படத்தில் நிறுத்தினாள். “இது என்னடா?”

“கோபுரம். கட்டிலேயே ரொம்பக் கெட்ட சீட்டு அதுதானாம்.”

“கோபுரம் கெட்டதா? நன்னா இருக்கே! இந்த ஊர்ல வந்து இதைச் சொல்றாளா?” என்று அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மற்றச் சீட்டுகளோடு வைத்தாள். பெண்மணிக்கு நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

பிறகு தாமும் கேட்க வேண்டும் என்றாள் அக்கா. கிளியிடம் மனசுக்குள் கேட்டால் போதும். இங்கே கேள்வியை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அதுதான் வழக்கம் என்றார் ஆசிரியை. அக்காவுக்கு இங்கிலீஷ் தெரியாது. அவருக்குத் தமிழ் தெரியாது. நடுவே நான். அக்கா சற்று நேரம் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு இருந்தாள். அப்புறம் என்னைப் பார்க்காமல், அந்தப் பெண்மணியின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

“எனக்கு ஏதாவது ஆயிட்டா என் பிள்ளைக்கு யார் சாதம் பிசைஞ்சு போடுவான்னு கேளு.”

இத்தனை நாள் நான் நாலு விதமாகக் கேட்டதற்கும் இதுதான் பதில். அதை நான் இங்கிலீஷில் சொல்ல வேண்டும். கதை எழுதி ஜீவிக்கிறவன் நான். இரண்டு பாஷையிலும் எனக்கு வார்த்தைப் பஞ்சம் கிடையாது. சாதம் பிசைவதற்கு அந்தப் பாஷையில் வார்த்தை தேடுகிறவன்போலக் கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒருவாறு சொல்லி முடித்தேன்.

இடது கையால் மூன்று சீட்டு எடுக்கச் சொன்னார். முதலாவதில், இருட்டில் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து முகத்தைக் கையில் புதைத்திருக்கிறாள் ஒருத்தி. பின்னால் சுவரில் ஒன்பது வாள். “தூக்கம் வராத பொம்மனாட்டி” என்றாள் அக்கா, நான் வாயைத் திறப்பதற்கு முன்பே. இரண்டாவதைத் திருப்பியதும் ஆசிரியையின் கை ஒரு கணம் தயங்கியது. கவசம் போட்ட எலும்புக்கூடு ஒன்று வெள்ளைக் குதிரைமேல் வருகிறது. கீழே ஒரு ராஜா செத்துக் கிடக்கிறான். 13-ஆம் சீட்டு, மரணம். இதற்குச் சாவு என்று அர்த்தமில்லை, பழையது போய்ப் புதியது வருவது, மாறுதல் என்று அவர் அவசர அவசரமாக விளக்க ஆரம்பித்தார். சனீஸ்வரனைப் புளியமரத்தடியில் விளக்கின அதே குரல். தொழில் எங்கும் ஒன்றுதான்.

“எமன்தானே? எருமைக்குப் பதிலா குதிரை. நேத்திக்குத்தானே எமலிங்கத்துல கும்பிட்டுட்டு வந்தேன், அவர் பார்த்துப்பார். அடுத்ததைச் சொல்லச் சொல்லு” என்றாள் அக்கா.

மூன்றாவதில் ஆறு கோப்பைகள், எல்லாவற்றிலும் பூ. பழைய வீடு ஒன்றின் முற்றத்தில் ஒரு பையன், தன்னைவிடச் சிறிய பெண் ஒருத்தியிடம் ஒரு கோப்பையை நீட்டுகிறான். பால்ய காலம், பழைய பிரியம், வீட்டு மனிதர்கள் என்று ஆசிரியை நிதானமாகச் சொல்லிக்கொண்டு போனார். நான் வாக்கியம் வாக்கியமாகத் தமிழாக்கினேன். கடைசியில் அவர் சொல்லாத ஒரு வாக்கியத்தையும் சேர்த்தேன்.

“உன் தம்பி பிசைந்து போடுவான் என்று வந்திருக்கிறது.”

அக்கா சீட்டைக் கையில் எடுத்து, கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள்.

“இதுல அப்படிப் போட்டிருக்கா?”

“போட்டிருக்கு.”

“உன் ஆம்படையாளைக் கேக்க வேண்டாமா?”

“கேட்டாயிற்று.”

வேலூரில் காட்டிவிட்டு வந்த முதல் வாரத்திலேயே நாங்கள் இரண்டு பேரும் பேசி முடித்த விஷயம் அது. அக்காவின் எதிரில் அந்தப் பேச்சை எடுத்தால், அவள் போய்விடுவாள் என்று நாங்களே தீர்மானித்துவிட்டதுபோல் ஆகிவிடுமே என்று இருந்தோம். ஹாலந்துப் பெண்மணி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் எழுந்து டீ போடப் போனார்.

ஆபரேஷன் பங்குனியில் நடந்தது. அஷ்டமி நவமி கழித்து அக்காவே பஞ்சாங்கத்தில் நாள் பார்த்தாள். டாக்டருக்கும் அன்றைக்கு ஒழிந்தது. ஆறு வாரம் அவள் பிள்ளை எங்களோடு சென்னையில் இருந்தான். முதல் மூன்று நாள் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தான். நாலாம் நாள் எங்கள் தெரு நாய்களுக்குப் பெயர் வைக்கத் தொடங்கினான். அப்போதுதான் என் மனைவிக்கு மூச்சு வந்தது. அக்காவுக்கு இப்போது வலது கையைத் தோளுக்குமேல் தூக்க முடிவதில்லை; கோலத்தைச் சின்னதாகப் போடுகிறாள். மற்றபடி சௌக்கியம்.

கிளியின் கதை வேறு மாதிரிப் போயிற்று. பச்சைக்கிளியைப் பிடிப்பதும் கூண்டில் வளர்ப்பதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் 1972-லேயே வந்தது. கோயில் வாசல்களில் யாரும் அவ்வளவாகக் கவனிக்காமல் இருந்தார்கள். 2024 ஏப்ரலில், பார்லிமெண்டுத் தேர்தல் சமயத்தில், கடலூரில் நின்ற சினிமா டைரக்டர் தங்கர் பச்சான் ஒரு கோயில் பக்கத்தில் கிளி ஜோசியம் பார்த்தார். ஜெயம் என்று சீட்டு வந்தது. படம் பத்திரிகைகளில் வந்ததும் வனத்துறையினர் போய் ஜோசியரைப் பிடித்து, கிளிகளைப் பறிமுதல் செய்து, எச்சரித்து விட்டார்கள். வேட்பாளரும் தேர்தலில் தோற்றுப்போனார். கிளிகள் தோற்பது புதிதல்ல. 2010 உலகக் கோப்பைக் கால்பந்தில் சிங்கப்பூர் தமிழர் ஒருவரின் கிளி கால் இறுதி ஆட்டங்கள் நாலையும் சரியாகச் சொல்லிவிட்டு, இறுதி ஆட்டத்தில் ஹாலந்து ஜெயிக்கும் என்று சொல்லி, ஜெர்மனியிலிருந்த ஒரு ஆக்டோபஸிடம் தோற்றது.

றெக்கையை வெட்டி ஒரு பறவையைப் பெட்டியில் வைத்திருப்பதற்கு நான் பரிந்து பேசமாட்டேன். சட்டம் சரிதான். ஆனால் அறுபது வயதுக்கு மேல் அந்த மனுஷர் வேறு என்ன தொழில் கற்பார் என்பதற்குச் சட்டத்தில் ஷரத்து இல்லை.

அந்த ஐப்பசியில் போனபோது புளியமரத்தடியில் அவர் இருந்தார். கூண்டு இல்லை. சீட்டுகளை மட்டும் சாக்கில் வரிசையாக வைத்திருந்தார். “நீங்களே ஒண்ணு எடுங்க” என்றால் ஜனங்கள் நகர்ந்துவிடுகிறார்களாம். “தன் கையால எடுத்தா தானே எடுத்த மாதிரி ஆயிடுதே சாமி. அதுல யாருக்கு நம்பிக்கை வரும்?” என்றார். அன்று காலையிலிருந்து ஒரு போணியும் ஆகவில்லை.

அக்கா வழக்கம்போல் ஐம்பது ரூபாயை வைத்தாள். அவள் பிள்ளை கூண்டு இருந்த இடத்தைக் குனிந்து தேடிக்கொண்டிருந்தான். ஜோசியர் அவனைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். “தம்பி எடுக்கட்டுமே” என்றார். அக்கா தலையசைத்தாள்.

அவன் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். கிளி செய்ததுபோலவே தலையைச் சாய்த்துப் பார்த்து, ஒன்றைத் தள்ளினான், இன்னொன்றைத் தள்ளினான். ஏழெட்டு தள்ளிவிட்டு ஒன்றை எடுத்துத் திறந்தான். மயில்மேல் முருகன். ஜோசியர் முகம் மலர்ந்து கையை நீட்டினார். அவன் கொடுக்கவில்லை. அக்கா அதட்டினாள், நான் நயமாகக் கேட்டுப் பார்த்தேன். ஊஹூம். மயிலுக்கு என்னவோ ஒரு பெயர் வைத்து அழைத்துக்கொண்டிருந்தான்.

“இருக்கட்டும் தாயி. வேற படம் வெட்டி ஒட்டிக்கறேன்” என்றார் ஜோசியர். அக்கா இன்னொரு ஐம்பதை வைத்தாள். நிருதி லிங்கம் வரைக்கும் அவன் சீட்டை விரித்துப் பிடித்துக்கொண்டே எங்களுக்கு முன்னால் நடந்தான்.